கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டமும் மெக்கன்சி பேய் வழக்காறும்: இடம், நினைவு, வருகை

ஆய்வுச் சுருக்கம்

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் உள்ள கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டம் 16ஆம் நூற்றாண்டிலிருந்து அந்நகரின் வரலாற்றோடு பிணைந்த அடக்க நிலமாகும். 17ஆம் நூற்றாண்டில் அரசின் தலைமை வழக்கறிஞராக விளங்கிய சர் ஜார்ஜ் மெக்கன்சியின் ஆவி இங்கு உலவுகிறது என்னும் பழமரபுக் கதை இன்றும் வழங்கிவருகிறது. இக்கதை இருவேறு காலங்களில் இருவேறு வடிவங்களைப் பெற்றுள்ளது. முதல் வடிவத்தில் சிறுவர்கள் மெக்கன்சியின் கல்லறைக் கதவைத் தட்டி அவரை அறைகூவி அழைத்தனர். 1998க்குப் பின் எழுந்த இரண்டாம் வடிவத்தில் வருகையாளர்கள் அவருடைய ஆவியால் தாக்கப்படுகின்றனர். இம்மாற்றத்தில் கதை நிகழும் இடமும் வருகையாளரின் நிலையும் எவ்வாறு மாறின என்பதையும், அம்மாற்றத்தால் எவருடைய நினைவு மறைந்தது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பழமரபுக் கதை, கல்லறைத் தோட்டம், பேய் வழக்காறு, உடன்படிக்கையாளர், கூட்டு நினைவு, கதைவழிப் பயணம்.

முன்னுரை

பேய்க்கதை வழங்கும் இடத்தை நேரில் சென்று காண்பது உலகின் பல பண்பாடுகளில் காணப்படும் வழக்கமாகும். கதையைக் கேட்டவர்கள் அது நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் இடத்திற்கு, பெரும்பாலும் இருட்டிய பின், குழுவாகச் சென்று திரும்புவதை நாட்டார் வழக்காற்றியலார் தனியொரு வழக்காறாகவே கருதுகின்றனர். அமெரிக்க வழக்காற்றியலாளர் பில் எல்லிஸ் இத்தகைய பயணங்களை விரிவாக ஆராய்ந்துள்ளார். இக்கட்டுரை இதனைக் 'கதைவழிப் பயணம்' எனக் குறிப்பிடுகிறது. பழமரபுக் கதை சொல்லப்படுவதோடு நின்றுவிடுவதில்லை. மனிதர்கள் அதனைச் செயலால் நிகழ்த்தியும் காட்டுகின்றனர் என்பதை லிண்டா டேக் 1980களிலேயே எடுத்துரைத்தார்.

கதை செயலாகும்போது அது நடைபெறும் இடம் முதன்மை பெறுகிறது. கதையில் வரும் பேய் யார், வருகையாளர் எங்கு நிறுத்தப்படுகிறார், அங்கு அவர் செய்வது என்ன என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காணாமல் அக்கதையின் பொருளை உணர இயலாது. இவ்வினாக்களைக் கொண்டு கிரேஃபிரையர்ஸ் வழக்காற்றை அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இடத்தின் வரலாறு

எடின்பரோவின் பழைய நகரில், கிராஸ்மார்க்கெட் பகுதிக்கு மேலே இருந்த பிரான்சிஸ்கன் துறவியரின் மடத்து நிலமே பின்னர் அடக்க நிலமாயிற்று. அத்துறவியர் அணிந்த சாம்பல் நிற அங்கியால் 'சாம்பல் நிறத் துறவியர்' எனப் பொருள்படும் கிரேஃபிரையர்ஸ் என்னும் பெயர் அவ்விடத்திற்கு நிலைத்தது. சமயச் சீர்திருத்தக் காலத்தில் மடம் அழிந்தது. நகரின் நடுவே இருந்த புனித கைல்ஸ் ஆலயத்தின் அடக்க நிலத்தில் இடம் போதாமற்போனமையால், 1562இல் அரசி மேரி இந்நிலத்தை நகர மக்களின் பயன்பாட்டிற்கு வழங்கினார். தோட்டத்தினுள் உள்ள ஆலயம் 1620இல் திறக்கப்பட்டது.

தோட்டத்தின் சுவர்களை ஒட்டிச் செல்வர்களின் கல்லறை மாடங்கள் அணிவகுத்துள்ளன. மண்டையோடு, மணற்கடிகாரம், எலும்புகள் முதலிய நிலையாமைச் சின்னங்கள் அவற்றில் செதுக்கப்பட்டுள்ளன. சில புதைகுழிகளின் மேல் கனத்த இரும்புக் கூண்டுகள் இன்றும் காணப்படுகின்றன. உடற்கூற்றியல் வகுப்புகளுக்கு விற்பதற்காகப் பிணங்களைத் தோண்டியெடுத்த திருடர்களைத் தடுக்கவே அக்கூண்டுகள் பொருத்தப்பட்டன. 1832இல் இயற்றப்பட்ட உடற்கூற்றியல் சட்டத்தின் பின்னரே இத்திருட்டு முடிவுக்கு வந்தது. இறந்தவர் எழுந்து வருவதைத் தடுக்கப் போடப்பட்டவை இக்கூண்டுகள் என்று வருகையாளர் சிலர் கருதுவதுண்டு. உண்மையில் அவை இறந்தவரை உயிருள்ளோரிடமிருந்து காத்தவை. அடக்க நிலத்துப் பொருளொன்று, அதன் பின்னணி மறந்துபோனதும் பேய்க்கதைக்குச் சான்றாகிவிடுவதை இச்சிறு செய்தி காட்டுகிறது.

2. உடன்படிக்கையும் சிறையும்

1637இல் மன்னர் முதலாம் சார்லஸ் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மீது புதிய வழிபாட்டு நூலொன்றைத் திணித்தார். அதனை எதிர்த்தோர் 1638 பிப்ரவரி 28 அன்று கிரேஃபிரையர்ஸ் ஆலயத்தில் தேசிய உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். ஆயர்களின் ஆட்சியை ஏற்காத இம்மரபினர் உடன்படிக்கையாளர் எனப்பட்டனர். 1660இல் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறியபின் ஆயர் ஆட்சி மீண்டும் நிறுவப்பட்டது. அதற்கு உடன்படாத போதகர்கள் ஆலயங்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்கள் மலைச்சரிவுகளிலும் வயல்வெளிகளிலும் நடத்திய வழிபாட்டுக் கூட்டங்கள் குற்றமாக்கப்பட்டன.

1679 ஜூன் 22 அன்று பாத்வெல் பாலத்தருகே நடந்த போரில் உடன்படிக்கையாளர் தோற்றனர். சிறைப்பட்ட ஏறத்தாழ 1,200 பேர் எடின்பரோவிற்கு நடத்திச் செல்லப்பட்டு, கிரேஃபிரையர்ஸ் தோட்டத்தை ஒட்டித் தெற்கே இருந்த திறந்த வெளியில் அடைக்கப்பட்டனர். போதிய கூரையும் உணவும் இன்றி மாதக்கணக்கில் அவர்கள் அங்கு வைக்கப்பட்டனர். சிலர் இறந்தனர், சிலர் தப்பினர், இனி ஆயுதம் ஏந்துவதில்லை என உறுதிமொழி எழுதித் தந்த பலர் விடுவிக்கப்பட்டனர். எஞ்சியோரில் ஏறத்தாழ 250 பேர் அடிமைத் தொழிலாளராக அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்படுவதற்காக 'கிரவுன் ஆஃப் லண்டன்' என்னும் கப்பலில் ஏற்றப்பட்டனர். 1679 டிசம்பரில் ஆர்க்னித் தீவுகளின் டீர்னஸ் கரையருகே அக்கப்பல் உடைந்தது. ஏறத்தாழ 50 பேரே உயிர்தப்பினர். அவர்களுக்கான நினைவுத் தூண் 1888இல் டீர்னஸில் எழுப்பப்பட்டது. ஆகவே அக்கைதிகளில் மிகப் பெரிய எண்ணிக்கையினர் மாண்ட இடம் எடின்பரோ அன்று, வடகடல் ஆகும்.

3. மெக்கன்சி: மனிதரும் பட்டப்பெயரும்

1677இல் அரசின் தலைமை வழக்கறிஞரான மெக்கன்சி, உடன்படிக்கையாளர் மீதான அரசு வழக்குகளை நடத்தினார். அக்கடுமையே அவருக்குக் 'குருதிக்கறை மெக்கன்சி' என்னும் பட்டப்பெயரை ஈட்டித் தந்தது. ஆயினும் அவர் வாழ்க்கை அப்பட்டப்பெயருக்குள் அடங்குவதன்று. 1660இல் அவர் வெளியிட்ட 'அரெட்டினா' ஸ்காட்லாந்தின் முதல் புதினமாகக் கருதப்படுகிறது. சூனியக்காரிகள் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட பெண்களின் வழக்குகளில், வதைத்துப் பெறும் வாக்குமூலங்களை நம்பலாகாது என்னும் ஐயத்தை அவர் தம் குற்றவியல் சட்ட நூலில் எழுப்பினார். 1689இல் திறக்கப்பட்ட வழக்கறிஞர் நூலகம் அவர் முயற்சியால் உருவானது. அதன் தொகுப்பே 1925இல் அமைந்த ஸ்காட்லாந்துத் தேசிய நூலகத்தின் அடித்தளமாயிற்று.

இம்முரண் கிரேஃபிரையர்ஸ் தோட்டத்தின் கற்களிலேயே பதிவாகியுள்ளது. அங்குள்ள தியாகியர் நினைவுச் சின்னம் 1706இல் முதலில் நிறுவப்பட்டது. 1661இல் தலை துண்டிக்கப்பட்ட ஆர்கைல் பிரபுவிலிருந்து அது தன் தியாகியர் வரிசையைத் தொடங்குகிறது. ஆனால் அவ்வழக்கில் ஆர்கைலின் சார்பில் வாதாடிய வழக்கறிஞர்களுள் இளைஞரான மெக்கன்சியும் ஒருவர். தியாகியர் வரிசையின் முதல்வருக்காக வாதாடியவரே பின்னாளில் அவ்வரிசை நீளக் காரணமானார். ஏறத்தாழ 18,000 பேர் அழிக்கப்பட்டதாக அச்சின்னம் கூறுகிறது; வரலாற்றாசிரியர்கள் இதனை மிகைப்பட்ட எண்ணாகக் கொள்கின்றனர். வாய்மொழிக் கதையைப் போலவே கல்வெட்டும் ஒரு தரப்பின் குரலாக இருக்கக்கூடும் என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

மெக்கன்சி 1691இல் லண்டனில் இறந்தார். அவர் உடல் எடின்பரோவிற்குக் கொணரப்பட்டு, கிரேஃபிரையர்ஸில் குவிமாடத்துடன் எழுப்பப்பட்ட மாடத்தில் வைக்கப்பட்டது. வழக்குத் தொடுத்தவரும் அவரால் தண்டனை பெற்றோரும் ஒரே சுற்றுச்சுவருக்குள் துயிலும் இந்த நிலையே பேய் வழக்காற்றின் விளைநிலமாகும்.

4. முதல் வடிவம்: கதவைத் தட்டிய சிறுவர்கள்

ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1870களின் இறுதியில் எடின்பரோ நகரைப் பற்றி வெளியிட்ட நூலில் இவ்வழக்காற்றைப் பதிவுசெய்துள்ளார். நகரச் சிறுவர்கள் மெக்கன்சியின் மாடத்திற்குச் சென்று கதவைத் தட்டி, துணிவிருந்தால் வெளியே வருமாறு பாட்டுப் பாடி அவரை அழைப்பதைப் பெருவீரமாகக் கருதினர். நரகத்திற்குரிய உயிரின் உடல் எத்துணைச் செல்வச் சிறப்புடைய கல்லறையில் கிடந்தாலும் அமைதி கொள்ளாது என்னும் நம்பிக்கை அதற்கு அடிப்படையாக இருந்தது.

இவ்வடிவத்தில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவதாக, வருகையாளர் நிற்குமிடம் ஒடுக்கியவரின் வாயில். இரண்டாவதாக, பேசுபவர் வருகையாளரே. பேய் மறுமொழி தருவதில்லை. மூன்றாவதாக, அறைகூவலில் ஒரு தீர்ப்பு அடங்கியுள்ளது. நீதிமன்றத்தில் மற்றவரை அழைத்து நிறுத்தியவரை, அதிகாரம் ஏதுமற்ற சிறுவர்கள் பட்டப்பெயர் சொல்லி வெளியே அழைக்கின்றனர். வழக்குகள் முடிந்து தலைமுறைகள் பல கடந்தபின்னும் அப்பட்டப்பெயர் வழங்கிவந்தது என்பதே அத்தீர்ப்பின் வலிமைக்குச் சான்றாகும்.

ஸ்டீவன்சன் கூறும் மற்றொரு நிகழ்ச்சியும் இங்கு இணைத்து நோக்கத்தக்கது. 18ஆம் நூற்றாண்டில் திருட்டுக் குற்றத்திற்காக மரண தண்டனை பெற்ற இளைஞன் ஒருவன் சிறையிலிருந்து தப்பி மெக்கன்சியின் மாடத்தினுள் ஒளிந்துகொண்டான். அவன் முன்பு பயின்ற, தோட்டத்தை அடுத்துள்ள ஹெரியட் விடுதிப் பள்ளியின் மாணவர்கள் தங்கள் உணவில் ஒரு பகுதியை இரவில் அவனுக்குக் கொண்டு சென்றனர். பின்னர் அவன் நாட்டைவிட்டு வெளியேறினான். பேயச்சத்தால் மற்றவர் நெருங்காத இடம், தப்பியோடியவனுக்கு உகந்த மறைவிடமாயிற்று. அரசின் சார்பில் மரண தண்டனை கோரியவரின் கல்லறை, மரண தண்டனை பெற்றவனைக் காத்தது.

5. இரண்டாம் வடிவம்: இருட்டறையில் வருகையாளர்

20ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கதை புதிய உருவம் பெற்றது. 1998இல் குளிருக்கு ஒதுங்க இடம் தேடிய வீடற்ற மனிதர் ஒருவர் மெக்கன்சியின் மாடத்தினுள் நுழைந்து சவப்பெட்டிகளைக் கலைத்தார் என்றும், தளம் உடைந்து எலும்புகள் நிறைந்த குழியில் விழுந்தார் என்றும், அன்று முதல் மெக்கன்சியின் ஆவி கட்டவிழ்ந்தது என்றும் கதை கூறுகிறது. 1999இல் தோட்டத்திற்கு இரவுநேர வழிகாட்டிப் பயணங்கள் தொடங்கின. 'உடன்படிக்கையாளர் சிறை' என வழங்கும் பகுதியின் இரும்புக் கதவு வழக்கமாகப் பூட்டப்பட்டிருக்கும். வழிகாட்டியுடன் செல்லும் குழுவினர் அதனுள் சென்று, 'கருப்பு மாடம்' எனப்படும் இருண்ட கல்லறை அறையில் நிறுத்தப்படுகின்றனர். கீறல், கன்றிப்போன காயம், மயக்கம், திடீர்க் குளிர் ஆகியவற்றை உணர்ந்ததாக நூற்றுக்கணக்கானோர் கூறியுள்ளனர்.

முதல் வடிவத்தோடு ஒப்பிட மாற்றங்கள் தெளிவாகின்றன. கதையின் இடம் ஒடுக்கியவரின் கல்லறையிலிருந்து ஒடுக்கப்பட்டோரின் சிறைக்குப் பெயர்ந்துள்ளது. செயல் வருகையாளரிடமிருந்து பேயிடம் சென்றுள்ளது. முன்பு சிறுவர் அழைத்தனர், மெக்கன்சி வாய் திறக்கவில்லை. இப்போது வருகையாளர் வாய்மூடி நிற்கின்றனர், மெக்கன்சி தாக்குகிறார். அடைக்கலம் தேடி வந்தவன் என்னும் கதைக்கூறும் தலைகீழாகியுள்ளது. முதல் வடிவத்தில் மாடம் அவனைக் காத்தது; இரண்டாம் வடிவத்தில் அவனே பேயை அவிழ்த்துவிட்ட குற்றவாளி ஆகிறான்.

6. உடலுணர்வுகளும் சூழலும்

வருகையாளரின் உடலுணர்வுகளைப் பொய் எனத் தள்ளுவது ஆய்வு நெறியாகாது. 2003இல் உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மனும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணைசெய்கிறது. கிரேஃபிரையர்ஸிலிருந்து நடக்கும் தொலைவிலுள்ள தெற்குப் பாலத்தின் நிலவறைகளும் அவ்வாய்வின் களங்களுள் ஒன்று. பேய் நடமாட்டத்திற்குப் பெயர்பெற்ற அறைகளிலேயே விந்தையான உணர்வுகள் மிகுதியாகப் பதிவாயின. வெளிச்சம், அறையின் அளவு முதலிய சூழற்கூறுகளோடு அவ்வுணர்வுகள் தொடர்புற்றிருந்தன. அதாவது உணர்வு உண்மையானது. அதற்குப் பேய் தேவையில்லை.

கருப்பு மாடத்தில் இருள், குளிர், நெருக்கம், நெடுநேரம் அசையாது நிற்றல், முன்னரே கேட்ட கதை ஆகியன ஒன்றுசேர்கின்றன. இயல்பான நாளில் கவனத்திற்கு வாராத சிறு கீறலும் கதையைக் கேட்டபின் தேடிக் கண்டறியப்படுகிறது. ஒவ்வொரு வருகையாளரின் கூற்றும் அடுத்த குழுவிற்குச் சொல்லப்படும் கதையில் சேர்கிறது. இவ்வாறு பழமரபுக் கதை தனக்குரிய சான்றுகளைத் தானே பெருக்கிக்கொள்கிறது.

7. கதை காத்ததும் மறைத்ததும்

வருகையாளர் 'சிறைக்கூடங்கள்' எனக் கருதிப் பார்க்கும் மாடங்கள் உண்மையில் சிறை அறைகள் அல்ல. 1679இல் அங்கு இருந்தது திறந்த வெளி. இன்று காணப்படும் கல்லறை மாடங்கள் 18ஆம் நூற்றாண்டில் அந்நிலத்தின் ஒரு பகுதி தோட்டத்துடன் இணைக்கப்பட்டபின் அமைந்தவை. கைதிகளை வருத்தியது இருட்டறையன்று. வானத்தின் கீழ்க் கிடந்த வெட்டவெளி. இருளையும் அடைபட்ட அறையையும் வேண்டும் பேய்க்கதை, மழையிலும் குளிரிலும் கிடந்தோரின் துன்பத்திற்கு மாறாக வேறொரு துன்பத்தைப் படைத்துவிடுகிறது.

கைதிகளை அங்கு வைத்தல், நிபந்தனையுடன் விடுவித்தல், நாடுகடத்தல் ஆகியன அரச ஆலோசனை அவையின் பொறுப்பில் நடந்தவை. கதை அவையை மறந்து ஒருவரையே சிறைக்காவலராக்குகிறது. ஓர் ஆட்சியமைப்பு முழுவதும் செய்த கொடுமையை ஒருவரின் இயல்பாகச் சுருக்குவது பேய்க்கதைக்கு எளிது. ஏனெனில் ஓர் அவை பேயாக உலவ இயலாது.

இதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. கைதிகள் கிடந்த நிலத்தில் இன்று உலவுபவர் மெக்கன்சி மட்டுமே. கைதிகளின் ஆவிகளுக்குக் கதையில் முதன்மை இடமில்லை. அவர்களுடைய சிறையிலேயே மீண்டும் அதிகாரம் செலுத்துபவராக அவரை இரண்டாம் வடிவம் அமர்த்தியுள்ளது. 19ஆம் நூற்றாண்டுச் சிறுவரின் அறைகூவல் அவரிடமிருந்து பறித்த வலிமையை 20ஆம் நூற்றாண்டின் இறுதி அவருக்குத் திருப்பித் தந்தது.

எனினும் கதை காத்தது ஒன்றுமில்லை எனக் கூறவியலாது. 1679ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளைப் பாடநூலில் படித்திராத அயல்நாட்டார் பலர் உடன்படிக்கையாளர் என்னும் சொல்லை முதன்முதலில் கேட்பது இவ்விரவுப் பயணங்களில்தான். கதை வாயிலைத் திறக்கிறது; உள்ளே எதைக் காட்டுகிறது என்பதே வினா.

8. வருகையும் அடக்க நிலத்தின் மதிப்பும்

2003இல் பதின்ம வயதினர் இருவர் மெக்கன்சியின் மாடத்தினுள் புகுந்து மண்டையோடு ஒன்றை எடுத்தனர். கல்லறையை இழிவுபடுத்துதல் என்னும், ஸ்காட்லாந்துச் சட்டத்தில் அரிதாகவே பயன்படும் குற்றப்பிரிவின்கீழ் அவர்கள் மீது வழக்கு நடந்தது. கதவைத் தட்டிய சிறுவருக்கும் இவர்களுக்கும் இடைப்பட்ட வேறுபாடு துணிவின் அளவு மட்டுமன்று. முன்னவருக்கு மாடத்தினுள் இருந்தவர் பெயருடைய மனிதர். வரலாற்றில் அவர் செய்தது என்ன என்பதை அறிந்தே அவர்கள் அழைத்தனர். பின்னவர் கையில் இருந்தது ஒரு பொருள்.

அத்தோட்டத்தின் பிற கதைகளும் இதனை உணர்த்துகின்றன. தன் தலைவரின் புதைகுழியருகே 1872இல் தான் இறக்கும்வரை காத்திருந்ததாகக் கூறப்படும் பாபி என்னும் நாயின் சிலை தோட்டத்திற்கு வெளியே உள்ளது. தாமஸ் ரிடெல் என்னும் பெயர் பொறித்த கல்லை, ஹாரி பாட்டர் கதைகளில் வரும் தீய மந்திரவாதியின் பெயரோடு இணைத்து இளைஞர் பலர் தேடிச் செல்கின்றனர். எந்தக் கல்லின் முன் வருகையாளர் நிற்கிறார் என்பதைக் கதைகளே முடிவுசெய்கின்றன. கதையற்ற கல்லறைகள் வழியோரக் கற்களாகிவிடுகின்றன.

முடிவுரை

கிரேஃபிரையர்ஸ் வழக்காறு பேய் உண்டா இல்லையா என்னும் வினாவைவிடப் பயனுள்ள வேறொரு வினாவை எழுப்புகிறது. பேயின் பெயரால் யார் நினைக்கப்படுகிறார், யார் மறக்கப்படுகிறார் என்பதே அது. முதல் வடிவம் ஒடுக்கியவரின் கதவருகே நின்று வினவியது. இரண்டாம் வடிவம் ஒடுக்கப்பட்டோரின் நிலத்தில் நின்று அஞ்சுகிறது. ஒரே பேயின் பெயரைத் தாங்கிய இரு கதைகளின் சமூகப் பணி நேர்மாறாக இருக்கக்கூடும் என்பது இதனால் புலப்படுகிறது.

அடக்க நிலங்களைச் சார்ந்த பேய் வழக்காறுகளை ஆராய்வோர் கதையைத் திரட்டுவதோடு அமையாது, கதையின் காலப் படிநிலைகளையும், கட்டட அமைப்பின் காலத்தையும், வருகையாளரின் செயல்களையும் தனித்தனியே பதிந்து ஒப்பிடுதல் வேண்டும். இவை ஒன்றோடொன்று பொருந்தாத இடங்களிலேயே மறைந்த வரலாறு வெளிப்படுகிறது. கிரேஃபிரையர்ஸில் அவ்விடம் ஒரு திறந்த வெளி. அங்கு மாதக்கணக்கில் கிடந்து, பின் டீர்னஸ் கடலில் மூழ்கியோருக்குப் பேயாக வரும் வாய்ப்பும் கிட்டவில்லை. அவர்களை நினைவில் நிறுத்தும் பொறுப்பு, கதையை அடுத்துச் சொல்பவரைச் சார்ந்ததாகும்.